தட்டில் கண்டதை எழுத்தில் காட்டுவது: பாக்டீரியா வளர்ப்பும் காலனி வருணனையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் செய்முறை வகுப்புக்கு முதன்முதலாக வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். வகுப்பில் நின்றுகொண்டே சொல்லும் விடைகள் பெரும்பாலும் அரைகுறையாகவே நின்றுவிடுவதால், அவற்றை இங்கே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன். குறிப்பேடுகளைத் திருத்தும்போது நான் அதிகம் சந்திக்கும் வரி, "வெள்ளை நிறக் காலனிகள் காணப்பட்டன" என்பதாகும். அந்த வரியைப் படித்து எவராலும் எதையும் மனக்கண்ணில் காண முடியாது. பாக்டீரியா வளர்ந்த தட்டைப் பார்க்காத ஒருவர் படித்தாலும் அந்தக் காலனி அவர் கண்முன் நிற்குமாறு எழுதப் பழக வேண்டும் என்பதே இப்பக்கம் முழுவதற்கும் அடிப்படையான என் கோரிக்கை.

ஒரு காலனி என்பது என்ன? அது ஒரே ஒரு செல்லிலிருந்துதான் தோன்றுகிறதா?

ஈ. கோலி பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். ஐந்நூறு செல்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தால்தான் 1 மில்லிமீட்டர் வரும் என்பதால், தனிச் செல்லை வெறுங்கண்ணால் பார்க்க வழியில்லை. அந்தச் செல் திடமான ஊடகத்தின் (பாக்டீரியாவுக்கு உணவாகும் கலவையின்) மேல் ஓரிடத்தில் தங்கி, அங்கேயே பிளந்து பெருகும்போது, அதன் வழித்தோன்றல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கண்ணுக்குத் தெரியும் மேடாகின்றன. அந்த மேட்டையே காலனி என்கிறோம். நல்ல ஊட்டமும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கிடைத்தால் ஈ. கோலி ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகம் எட்டு மணி நேரம் தளராமல் இருந்தால் 24 முறை இரட்டித்து, ஒரு செல் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களாகப் பெருகியிருக்கும். காலனி வளர வளர அதன் உட்பகுதியில் உணவும் ஆக்சிஜனும் குறைந்து, வேகமும் குறைந்துவிடுகிறது. ஆகவேதான் தட்டில் உள்ள காலனிகள் எல்லையின்றிப் பரவுவதில்லை.

ஒரு செல்லிலிருந்து ஒரு காலனி என்பது கருத்தளவில் சரிதான். ஆனால் ஸ்டேஃபைலோகாக்கஸ் கொத்தாகவும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சங்கிலியாகவும் ஒட்டிக்கொண்டே இருப்பவை. ஒரு கொத்தில் இருபது செல்கள் இருந்தாலும் தட்டில் அது ஒரு காலனியாகவே தோன்றும். இதனால்தான் எண்ணிக்கையைக் கூறும்போது "இத்தனை பாக்டீரியாக்கள்" என்று எழுதாமல் "இத்தனை காலனி உருவாக்கும் அலகுகள்" என்று எழுதுகிறோம்.

ஊடகத்தைத் திடமாக்க அகாரை ஏன் பயன்படுத்துகிறோம்? ஜெலட்டின் போதாதா?

பாக்டீரியாவைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கத் திடமான பரப்பு வேண்டும் என்பதை ஜெர்மனியின் இராபர்ட் கோக் தெளிவாக உணர்ந்திருந்தார். வேகவைத்து வெட்டிய உருளைக்கிழங்கின் பரப்பை அவர் முதலில் பயன்படுத்தினார். பிறகு இறைச்சிச் சாற்றை ஜெலட்டின் சேர்த்து உறையச் செய்தார். ஆனால் ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும். மனித நோய்க்கிருமிகள் விரும்பும் வெப்பமோ அதுவேதான். போதாக்குறைக்கு, பல பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே செரித்து நீராக்கிவிடுகின்றன.

கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே கோடைகாலத்தில் இந்தத் தொல்லையால் மிகவும் அவதிப்பட்டார். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தாம் சமையலில் இனிப்புகளை உறையவைக்கச் சேர்க்கும் அகாரை 1881-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அண்டைவீட்டாரிடமிருந்து அவர் அதை அறிந்திருந்தார். காசநோய்க் கிருமியைப் பற்றி 1882-இல் கோக் எழுதிய கட்டுரையில் அகார் குறிப்பிடப்பட்டது. ஃபேனியின் பெயர் குறிப்பிடப்படவில்லை. அகார் என்ற சொல்லைக் கற்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்வதை நான் ஒரு கடமையாகவே கொண்டிருக்கிறேன்.

அகாரின் சிறப்பு, அது உருகும் வெப்பமும் உறையும் வெப்பமும் வெகுவாக வேறுபடுவதில் இருக்கிறது. உருகுவதற்கு ஏறத்தாழ 85 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒருமுறை உருகிவிட்டால் ஏறத்தாழ 40 டிகிரிக்குக் கீழே வரும்வரை உறைவதில்லை. ஆகவே கை தாங்கும் சூட்டில் தட்டில் ஊற்றலாம், உறைந்தபின் 37 டிகிரியில் வைத்தாலும் உருகாது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் முடியாது. அகார் சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து பெறப்படுகிறது. மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகார் எடுப்பதற்கே விற்கப்படுகின்றன. நம் ஆய்வக அலமாரியில் இருக்கும் வெண்ணிறத் தூளின் பின்னால் அத்தகைய உழைப்பு இருக்கிறது.

ஊட்ட அகார் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியவை எவை?

கடையில் கிடைக்கும் ஆயத்தத் தூளில் பொதுவாக ஒரு லிட்டருக்கு 28 கிராம் எடுக்க வேண்டும். அதில் 15 கிராம் அகார், மற்றவை பெப்டோன் (செரித்த புரதம்), இறைச்சிச் சாறு அல்லது ஈஸ்ட் சாறு, உப்பு ஆகியன. தூள் முழுவதும் கரையும்வரை சூடாக்கி, பிறகு அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியான ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் கிருமியைக் கொல்வது ஈரமான வெப்பமே, அழுத்தம் அன்று. உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றாமல் வால்வை மூடிவிட்டால், முள் 15-ஐக் காட்டினாலும் வெப்பம் 121-ஐ எட்டியிருக்காது. வெறும் கொதிநீரின் 100 டிகிரியைத் தாங்கிக்கொள்ளும் பேசில்லஸ் வித்துகள் அந்தத் தவற்றினால் தப்பிப் பிழைத்து, மறுநாள் எதையும் விதைக்காத தட்டிலேயே முளைத்து நிற்கும்.

ஊடகம் 45 முதல் 50 டிகிரிக்கு ஆறியபின், 90 மில்லிமீட்டர் தட்டுக்கு 15 முதல் 20 மில்லிலிட்டர் வரை ஊற்றினால் போதும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு தட்டை எதுவும் விதைக்காமல், வெப்பநிலையை மாறாமல் காக்கும் இன்குபேட்டரில் வைத்துச் சோதிப்பதைத் தவறவிடக் கூடாது.

தட்டை ஏன் கவிழ்த்து வைக்கச் சொல்கிறார்கள்?

அகாரிலிருந்து எழும் நீராவி மூடியில் துளிகளாகப் படியும். தட்டு நிமிர்ந்திருந்தால் அத்துளி காலனிகளின் மேல் விழுந்து, தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாகக் கலந்துவிடும். சென்னை போன்ற கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் இத்தொல்லை அதிகம் என்பதால், ஊற்றிய தட்டுகளை உடனே பயன்படுத்தாமல், பரப்பு நன்கு உலரும்வரை வைத்திருந்து பயன்படுத்துவது நல்லது. பெயரும் நாளும் எழுதும்போது மூடியில் எழுதாமல் அகார் இருக்கும் அடித்தட்டில் எழுத வேண்டும்; மூடிகள் மாறிவிடக்கூடும். கோக்கின் உதவியாளரான ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி 1887-இல் விவரித்த இந்த மூடித் தட்டின் எளிய வடிவம் இன்றுவரை ஏறத்தாழ அப்படியே இருப்பது வியப்புக்குரியது.

கீற்றல் முறையில் எனக்கு மட்டும் தனிக் காலனிகள் கிடைப்பதில்லை. தவறு எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் செய்யும் பிழை, லூப்பை (நுனியில் வளையமுள்ள கம்பிக் கருவியை) இடையில் சூடாக்காமல் முழுத் தட்டையும் ஒரே மூச்சில் கீற்றிவிடுவதாகும். கீற்றல் முறை, அதாவது செல்களை லூப்பால் தட்டின்மேல் கோடுகளாக இழுத்துப் பரப்புவது, நீர்த்தலின் இன்னொரு வடிவம். முதல் பகுதியில் இலட்சக்கணக்கான செல்கள் படிகின்றன. லூப்பைச் செக்கச் சிவக்கச் சுட்டு, ஆறவிட்டு, முதல் பகுதியின் ஓரத்தை ஓரிரு முறை மட்டும் தொட்டு இரண்டாம் பகுதியை இழுக்கும்போது சிறு பங்கே அங்கே செல்கிறது. அவ்வாறே மீண்டும் சுட்டு மூன்றாம் பகுதியையும், மறுபடியும் சுட்டு நான்காம் பகுதியையும் இழுத்தால், கடைசிப் பகுதியில் செல்கள் ஒன்றுக்கொன்று தள்ளியே விழும். நடுவில் சுடாவிட்டால் கடைசிக் கீற்றுவரை முதல் பகுதியின் சுமையே தொடர்கிறது.

இன்னொரு காரணம் அளவு. "கொஞ்சமாக எடுத்தால் வளராமல் போய்விடுமோ" என்ற அச்சத்தில் மாணவர்கள் லூப் நிறைய அள்ளிக்கொண்டு வருகிறார்கள். காலனியின் உச்சியை லேசாகத் தொட்டாலே பல இலட்சம் செல்கள் ஒட்டிக்கொள்ளும். சுட்ட லூப்பை ஆறவிடாமல் தொட்டால் செல்கள் வெந்துபோகும் என்பதும், அகாரைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தினால் காலனிகள் பள்ளத்துக்குள் நீளமாக வளர்ந்து வடிவம் சிதைந்து தோன்றும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கையெழுத்து போன்ற ஒரு பழக்கம் இது. ஐந்தாறு தட்டுகள் வீணாவது இயல்புதான், அதற்காக எவரும் மனம் தளர வேண்டியதில்லை.

எவ்வளவு நன்றாகக் கீற்றினாலும் தனிக் காலனி தராத உயிர்களும் உண்டு. புரோட்டியஸ் பாக்டீரியா அகார் பரப்பின்மேல் கூட்டமாக நகர்ந்து, வட்ட அலைகள் போல ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தட்டு முழுவதும் படர்ந்துவிடும். பித்த உப்புகள் உள்ள மெக்கான்கி அகாரில் அந்தப் படர்தல் அடங்கும்.

எத்தனை மணி நேரம் கழித்துத் தட்டைப் பார்க்க வேண்டும்?

பொதுவான பாக்டீரியாக்களுக்கு 18 முதல் 24 மணி நேரம். அதைத் தாண்டினால் காலனிகள் பெருத்து, காய்ந்து, நிறம் மாறி, இளமையில் இருந்த தோற்றத்தை இழந்துவிடும். மறுபுறம், நிலக்கடலையின் வேர் முடிச்சுகளில் வாழும் பிராடிரைசோபியம் ஒரு வாரம்வரை எடுத்துக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்கு முட்டை சேர்ந்த லோவன்ஸ்டீன்–ஜென்சன் ஊடகத்தில் 3 முதல் 8 வாரங்கள் தேவைப்படுகின்றன. அது கரடுமுரடான, உலர்ந்த, வெளிறிய பழுப்பு நிறக் காலனியாக மெல்ல எழும்.

காலனியை எந்த முறையில் விவரிக்க வேண்டும்?

முதலில் சூழலை எழுத வேண்டும்: எந்த ஊடகம், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம். இந்த மூன்றும் இல்லாத வருணனைக்குப் பொருளே இல்லை. ஏனெனில் அதே உயிர் இன்னோர் ஊடகத்தில் வேறொரு முகத்தைக் காட்டும். பிறகு, பிறவற்றோடு நெருங்காமல் தனித்து நிற்கும் ஒரு காலனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெருக்கத்தில் வளர்ந்தவை உணவுப் போட்டியால் சிறுத்துப்போயிருக்கும். அவற்றைக் கொண்டு அளவு சொன்னால் பிழையாகும்.

அடுத்து அளவுகோலைத் தட்டின் அடியில் வைத்து விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். "சிறியது", "பெரியது" என்பவை எழுதுபவரின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்த அளவுகள். அதன்பின் மேலிருந்து பார்த்து வடிவத்தையும் விளிம்பையும், தட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பார்த்து மேட்டையும், விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துப் பரப்பின் மினுமினுப்பையும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஒளி ஊடுருவுகிறதா என்பதையும் எழுதலாம். நிறத்தை எழுதும்போது காலனியின் நிறமா, காலனியைச் சுற்றியுள்ள ஊடகத்தின் நிறமா என்று பிரித்து எழுத வேண்டும். இறுதியாக லூப்பால் தொட்டு, அது வெண்ணெய் போல மென்மையாக வருகிறதா, சளி போல இழுபடுகிறதா, உலர்ந்து உதிர்கிறதா, அகாரோடு இறுகப் பற்றிக்கொண்டு வர மறுக்கிறதா என்பதைச் சேர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பற்றி இவ்வாறு எழுதலாம்: "ஊட்ட அகாரில் 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வளர்ந்த காலனிகள் 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டங்கள், விளிம்பு பிசிறின்றி முழுமையானது, மேற்பரப்பு குவிந்து, வழவழப்பாக, பளபளப்புடன் உள்ளது, ஒளி புகாதது, நிறம் பொன்மஞ்சள், லூப்பில் வெண்ணெய் போல எளிதாக வருகிறது." பேசில்லஸ் சப்டிலிஸ் என்றால் அதே இடத்தில் ஒழுங்கற்ற வடிவம், அலை விளிம்பு, தட்டையான மங்கிய பரப்பு, சாம்பல் கலந்த வெண்மை, உலர்ந்து சுருங்கிய தன்மை என்று எழுதுவோம். இரண்டையும் "வெள்ளையாகவும் மஞ்சளாகவும் காலனிகள் இருந்தன" என்று எழுதிவிட்டால் என்னென்ன காணாமற்போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வடிவம், விளிம்பு, மேடு ஆகியவற்றுக்குத் தமிழில் எந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம்?

புதிதாகச் சொல் படைக்க வேண்டிய தேவை இங்கே குறைவு என்பது என் கருத்து. இலையின் விளிம்பை வருணிக்கத் தாவரவியல் பாடநூல்களில் நாம் பள்ளியிலேயே கற்ற சொற்கள் காலனிக்கும் அப்படியே பொருந்துகின்றன: முழு விளிம்பு, அலை விளிம்பு, மடல் விளிம்பு, பல் விளிம்பு. இவற்றோடு இழை விளிம்பு, சுருள் விளிம்பு என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலான காலனிகளுக்குப் போதும்.

வடிவத்துக்குப் புள்ளி, வட்டம், ஒழுங்கற்றது, இழை வடிவம், வேர் வடிவம் என்பவை போதும். பேசில்லஸ் மைக்காய்டிஸ் வளர்ந்த தட்டை ஒருமுறை பார்த்தவர்கள், மரத்தின் வேர் மண்ணில் ஓடுவது போல அது கிளைத்துக் கிளைத்துச் செல்வதை மறக்க மாட்டார்கள். மேட்டைக் குறிக்கத் தட்டையானது, சற்று உயர்ந்தது, குவிந்தது, மெத்தை போன்றது, நடுவில் குமிழ் உள்ளது, நடுவில் குழிந்தது என்று கூறலாம். குமிழ் என்னும் சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். கேடயத்தின் நடுவே உள்ள புடைப்பை நினைவூட்டும் அச்சொல் பொருளைச் சரியாகத் தருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே காலனிகளின் நடுப்பகுதிச் செல்கள் தம்மைத் தாமே சிதைத்துக்கொள்வதால் நடுவில் குழிந்து, ஓரம் உயர்ந்த சிறு தட்டுகளைப் போலத் தோன்றும். அங்கே "குழிந்தது" என்ற ஒற்றைச் சொல் அந்த உயிரின் வாழ்க்கையையே சொல்லிவிடுகிறது.

நிறத்தை வைத்து எதைத் தெரிந்துகொள்ளலாம்?

சில நிறங்கள் பாக்டீரியாவே உண்டாக்குபவை. மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் மஞ்சள் நிறத்திலும், குரோமோபாக்டீரியம் வயலேசியம் கத்திரிப்பூ நிறத்திலும், செராஷியா மார்செசென்ஸ் குருதிச் சிவப்பிலும் வளர்கின்றன. சூடோமோனாஸ் எருகினோசாவின் நிறமிகள் காலனிக்குள் அடங்காமல் ஊடகத்துக்குள் கசிந்து, தட்டு முழுவதையும் நீலப் பச்சையாக்கும்.

செராஷியாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1819-ஆம் ஆண்டில் இத்தாலியின் பதுவா அருகே மக்காச்சோளக் களி இரத்தம் படிந்தது போலச் சிவந்து, மக்களை அச்சுறுத்தியது. பார்த்தலோமியோ பிசியோ அதை ஆராய்ந்து, ஈரத்தில் வளர்ந்த ஓர் உயிரே காரணம் என்று காட்டினார். அதே உயிரை 37 டிகிரியில் வளர்த்தால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் தோன்றாது. 25 முதல் 30 டிகிரிக்குள் வைத்தால் அழகாகச் சிவக்கும். ஒரே தொகுதியிலிருந்து இரண்டு தட்டுகளை இருவேறு வெப்பநிலைகளில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுவேன். வெப்பநிலையைக் குறிப்பிடாத நிற வருணனை ஏன் பயனற்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

வேறு சில நிறங்கள் ஊடகம் கொடுப்பவை. மெக்கான்கி அகாரில் லாக்டோஸைப் புளிக்கவைக்கும் ஈ. கோலி அமிலத்தை உண்டாக்க, நியூட்ரல் ரெட் நிறங்காட்டி அக்காலனியை இளஞ்சிவப்பாக்குகிறது. லாக்டோஸைத் தொடாத சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் நிறமின்றி நிற்கின்றன. விப்ரியோ வகைகளை வளர்க்கும் டி.சி.பி.எஸ். அகாரில் காலராக் கிருமி சுக்ரோஸைப் புளிக்கவைத்து மஞ்சளாகவும், விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவும் தெரிகின்றன. "ஈ. கோலியின் நிறம் இளஞ்சிவப்பு" என்று தேர்வில் எழுதுவது ஆகவே பிழை, ஊட்ட அகாரில் அது வெளிறிய சாம்பல் வெண்மையாகவே இருக்கும்.

இரத்த அகாரில் எதைப் பார்க்க வேண்டும்?

காலனியைவிட அதைச் சுற்றியுள்ள வளையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொதுவாக 5 விழுக்காடு ஆட்டு இரத்தம் சேர்க்கப்படும் இந்த ஊடகத்தில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜென்ஸ் சிவப்பணுக்களை முழுவதும் சிதைத்துத் தெளிந்த வளையத்தை உண்டாக்கும். இது பீட்டா சிதைவு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே பச்சை நிறம் படிந்த அரைகுறை மாற்றத்தைத் தரும். இது ஆல்ஃபா சிதைவு. மாற்றமே இல்லாததைக் காமா என்கிறோம். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் இந்த மூன்றையும் பிரித்தறிவது கடினம்.

காலனியை முகர்ந்து பார்க்கலாமா?

கூடாது. பழைய நூல்களில் மணமும் ஓர் அடையாளமாகக் கூறப்பட்டிருப்பது உண்மைதான். சூடோமோனாஸ் எருகினோசாவின் திராட்சை மணமும், ஸ்ட்ரெப்டோமைசிஸ் காலனிகளிலிருந்து எழும் மண்வாசனையும் பெயர் பெற்றவை. தட்டு மூடியிருக்கும்போதே தானாக எழும் மணத்தைக் குறித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுசெல்லும் பழக்கத்தால் புரூசெல்லா போன்ற கிருமிகள் ஆய்வகப் பணியாளர்களைத் தொற்றியிருக்கின்றன.

நம் ஊருக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான நோயைத் தரும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலெய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது. வயல் மண்ணை எடுத்துவந்து தட்டில் பரப்பும் எளிய பயிற்சியில்கூட அது முளைக்கக்கூடும். முதல் நாளில் வழவழப்பாகச் சாதாரணமாகத் தோன்றும் அதன் காலனி, இரண்டு மூன்று நாட்களில் உலர்ந்து சுருக்கம் விழுந்து காணப்படும். சாதாரண சூடோமோனாஸ் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. பெயர் தெரியாத உயிர் எதையும் தீங்கற்றது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது.

ஒரே பாக்டீரியா ஏன் இருவேறு தோற்றங்களில் வருகிறது?

தட்டில் இரண்டு வகைக் காலனிகள் தெரிந்தால் பலரும் உடனே கலப்படம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம்; மீண்டும் கீற்றிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். ஆனால் உணவைப் பொறுத்தும் தோற்றம் மாறும். இட்லி மாவைப் புளிக்கவைப்பவற்றுள் முதன்மையான லியூகோனோஸ்டாக் மெசென்ட்ராய்ட்ஸ், குளுக்கோஸ் ஊடகத்தில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான எளிய புள்ளிகளாக வளரும். அதையே சர்க்கரை மிகுந்த சுக்ரோஸ் ஊடகத்தில் வளர்த்தால் டெக்ஸ்ட்ரான் என்னும் பிசினைச் சுரந்து, பளபளக்கும் கொழகொழப்பான பெரிய துளிகளாகத் திரண்டு நிற்கும்.

மரபணு மாற்றமும் காரணமாகலாம். இதற்குச் சிறந்த சான்று 1928-இல் பிரெடரிக் கிரிஃபித் செய்த ஆய்வாகும். நிமோனியாக் கிருமியின் உறையுள்ள வகை வழவழப்பான காலனிகளையும், உறையற்ற வகை சொரசொரப்பான காலனிகளையும் தந்தன. வழவழப்பானது எலியைக் கொன்றது, சொரசொரப்பானது கொல்லவில்லை. சூட்டால் கொல்லப்பட்ட வழவழப்பான வகையையும் உயிருள்ள சொரசொரப்பான வகையையும் சேர்த்துச் செலுத்தியபோது எலிகள் இறந்தன; அவற்றின் உடலிலிருந்து உயிருள்ள வழவழப்பான காலனிகள் வளர்ந்தன. அந்த மாற்றத்தை உண்டாக்கிய பொருள் டி.என்.ஏ. என்று ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகிய மூவரும் 1944-இல் காட்டினர். மரபுப் பொருள் எது என்ற பெருங்கேள்விக்கான விடை, ஒருவர் தட்டைக் குனிந்து பார்த்து "வழவழப்பு", "சொரசொரப்பு" என்று பிரித்து எழுதியதில் தொடங்கியது. காலனி வருணனையைச் சடங்காகக் கருதும் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

காலனியைப் பார்த்தே பாக்டீரியாவின் பெயரைச் சொல்லிவிடலாமா?

சொல்லக் கூடாது, ஊகிக்கலாம், அந்த ஊகத்தை அடுத்த சோதனைக்கு வழிகாட்டியாகக் கொள்ளலாம். கிராம் சாயமேற்றல், கேட்டலேஸ், ஆக்சிடேஸ் முதலிய சோதனைகளும், தேவையானால் மரபணு வரிசையும் சேர்ந்தே பெயரைத் தருகின்றன. குறிப்பேட்டில் முதலில் பெயரை எழுதிவிட்டு, பிறகு பாடநூலில் உள்ள வருணனையைப் பார்த்து நிரப்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருமுறை பொன்மஞ்சள் என்று எழுதப்பட்டிருந்த தட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அதில் இருந்தவை தூய வெண்ணிறக் காலனிகள். ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸிலேயே வெண்மையாக வளர்பவை உண்டு. அந்த மாணவர் கண்டதை அப்படியே எழுதியிருந்தால் அதுவே சரியான விடையாக இருந்திருக்கும்.

ஈஸ்ட், பூஞ்சை ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

பஞ்சு போலவோ பொடி போலவோ உயர்ந்து வளர்ந்தால் பூஞ்சை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஈஸ்ட் காலனிகள் பாக்டீரியாவைப் போலவே இருப்பதால் நுண்ணோக்கி இன்றி முடிவு செய்ய இயலாது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பொடி பூத்தது போலத் தெரிந்தாலும் பாக்டீரியாவே. அகாரில் வேரூன்றியது போல இறுகப் பிடித்துக்கொள்ளும்.

காலனிகளை எண்ணி மாதிரியில் எத்தனை உள்ளன என்று எப்படிக் கணக்கிடுவது?

30 முதல் 300 காலனிகள்வரை உள்ள தட்டையே எண்ண வேண்டும். அதற்குக் குறைந்தால் தற்செயலான ஏற்ற இறக்கம் விடையைப் பெரிதும் பாதிக்கும். கூடினால் காலனிகள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை குறைவாகத் தெரியும். புளித்த இட்லி மாவைப் பத்து இலட்சம் மடங்கு நீர்த்து, அதில் 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் பரப்பியதில் 84 காலனிகள் வந்ததாகக் கொள்வோம். 1 மில்லிலிட்டர் நீர்த்த கரைசலில் 840 இருக்கும். அதைப் பத்து இலட்சத்தால் பெருக்கினால், மாவின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 84 கோடி காலனி உருவாக்கும் அலகுகள் என்று ஆகும்.

ஆனால் இந்த எண், அந்த ஊடகத்தில், அந்த வெப்பத்தில், காற்றோடு வளரக்கூடியவற்றின் எண்ணிக்கை மட்டுமே. மண்ணையும் கடல்நீரையும் நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினால் கிடைக்கும் தொகையில், தட்டில் வளர்பவை மிகச் சிறிய பங்கே. இந்த இடைவெளிக்கு 1985-இல் ஸ்டேலி, கொனோப்கா ஆகிய இருவரும் ஒரு பெயரையே சூட்டினார்கள். தட்டு வெறுமையாக இருந்தால் "வளர்ச்சி இல்லை" என்று எழுதுங்கள். "பாக்டீரியா இல்லை" என்று எழுதாதீர்கள்.

வேலை முடிந்த தட்டுகளை என்ன செய்வது? வீட்டில் இத்தகைய சோதனைகளைச் செய்யலாமா?

வளர்ச்சி உள்ள தட்டை ஒருபோதும் அப்படியே குப்பையில் போடக் கூடாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்துக் கிருமி நீக்கிய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும். மேசையில் சிந்தியிருந்தால் 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டை அதன்மேல் ஊற்றி, சற்று நேரம் விட்டுப் பிறகே துடைக்க வேண்டும். ஊற்றியவுடன் துடைப்பதால் பயனில்லை.

வீட்டில் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. கைபேசியையோ கதவுக் கைப்பிடியையோ ஒற்றியெடுத்துத் தட்டில் வளர்ப்பது ஆர்வமூட்டும் பயிற்சியாகத் தோன்றலாம். ஆனால் அங்கே ஒரு செல்லாக இருந்தபோது தீங்கு செய்யாத கிருமி, தட்டில் கோடிக்கணக்காகப் பெருகியபின் அதே நிலையில் இருப்பதில்லை. பள்ளியில் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்வதாக இருந்தால், மனித நோய்க்கிருமிகளுக்கு உகந்த 37 டிகிரியைத் தவிர்த்து 25 முதல் 30 டிகிரிக்குள் வளர்க்க வேண்டும்; தட்டின் ஓரத்தை இரண்டு மூன்று இடங்களில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, அதன்பின் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அளவு, வடிவம், விளிம்பு, நிறம், ஒளி புகும் தன்மை ஆகிய அனைத்தையும் மூடிய தட்டின் வழியாகவே பார்த்து எழுத முடியும்.